சாரல் முடிந்ததும் தரப்படும்

இரண்டு கைகள் தட்டோடுகளுக்கு நடுவே சிமெண்டுப் பாலை ஊற்றி, ஊற்றியதைப் பெருவிரலால் அழுத்திக்கொண்டே போயின. வலது கை அழுத்தும். இடது கை பின்னாலேயே வந்து பழைய பனியன் துணியால் ஓட்டின் முகத்தைத் துடைக்கும். உடனே துடைக்காவிட்டால் சிமெண்டு காய்ந்து, பிறகு எவ்வளவு தேய்த்தாலும் தேமல் மாதிரி தெரியும். பெருவிரலில் நகம் பாதிதான் இருந்தது. மீதிப் பாதி பல வீட்டு மாடிகளில் கரைந்து போயிருந்தது.

கடைசி வரிசை முடிந்ததும் கைகள் டீத் தம்ளரை எடுத்தன. வாய்க்குப் போனது ஒரே ஒரு மடக்கு. மீதி டீயை மொட்டைமாடியின் நட்டநடுவில் ஊற்றின. டீ கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு தெற்கு மூலையில் இருந்த மழைநீர்க் குழாயைப் பார்த்து மெல்ல நடக்க ஆரம்பித்தது.

கீழே இருந்து வீட்டுக்காரம்மாவின் குரல் கேட்டது. "பேராச்சி, டீ எப்படி இருக்கு?"

"நல்லா ஓடுதுக்கா!"

பேராச்சிக்குச் சொந்த ஊர் கீழப்பாவூர். பதினாறு வயதில் சித்தாளாகச் சட்டி சுமக்கத் தொடங்கினார். சட்டியைக் கொடுத்துவிட்டு உடனே திரும்ப மாட்டார். கொத்தனார் அந்தக் கலவையை என்ன செய்கிறார் என்று நின்று பார்ப்பார். அதற்காக ஏச்சு விழும். ஏச்சை வாங்கிக்கொண்டே பார்ப்பார். ஒரு நாள் பாதிச் சுவரில் கொத்தனார் ஒரு சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போய்விட்டார். அவர் திரும்பி வருவதற்குள் பேராச்சி மூன்று வரி செங்கல் வைத்திருந்தார். கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். குறை ஒன்றும் அகப்படவில்லை. "கலவையில தண்ணி கூட," என்று சொல்லி மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டார்.

அதற்குப் பிறகு பேராச்சி சட்டி சுமக்கவில்லை. முதலில் குளியலறைகள், பிறகு சுற்றுச்சுவர்கள், ஒரு மாட்டுத்தொழுவம், யாரோ ஒருவர் பாதியில் விட்டுப் போன ஒரு சமையலறை என்று தனியாகவே ஒப்பந்தம் எடுத்துச் செய்தார். கல்யாணமாகித் தென்காசிக்கு வந்தபின் கணவர் பிச்சுமணியின் லோடு ஆட்டோ செங்கல் ஏற்ற உதவியது. பிச்சுமணி அதிகம் பேசாதவர். அவர் பங்கையும் சேர்த்துப் பேச வீட்டில் ஆள் இருந்தது.

வேலை செய்யும்போது பேராச்சி சுவர்களோடும் தூண்களோடும் பேசுவார். அவர் கணக்கில் சுவர் பெண், தூண் ஆண். "ஏட்டி, நேரா நில்லுட்டி, ஒன்னிய நம்பித்தான் சன்னல் வைக்கப் போறேன்," என்பார் சுவரிடம். "ஏலே, என்னலே சாயுத? ராத்திரி என்னத்தக் குடிச்ச?" என்பார் தூணிடம். எதற்காக இந்த வேறுபாடு என்று ஒருவர் கேட்டதற்கு, "சுவரு சொன்னாக் கேக்கும். தூணு சாஞ்சா சாஞ்சதுதான், ஒடைக்கத்தான் செய்யணும்," என்றார்.

அவரிடம் இல்லாதது கலவை மிஷின் ஒன்றுதான். கான்கிரீட் போடும் நாட்களில் தென்காசியில் குமரகுரு என்ற ஒப்பந்ததாரரிடம் வாடகைக்கு எடுப்பார். குமரகுரு தன் வேலையெல்லாம் முடிந்தபின்தான் மிஷினை அனுப்புவார். அனுப்பிய மிஷினைப் பாதியில் திருப்பிக் கேட்பார். மேல்தளத்துக் கான்கிரீட்டைப் பாதியில் நிறுத்தினால் மறுநாள் போடும் பாதி அதோடு ஒட்டாது. ஒட்டாத இடத்தில் தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும். ஒரு முறை பாதித் தளத்தில் குமரகுருவின் ஆள் வந்து நின்றபோது, பேராச்சி மிஷினைக் கிளப்பும் கைப்பிடியை உருவிச் சிமெண்டுச் சாக்குக்கு அடியில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"அக்கா, கைப்பிடி எங்க?" என்றான் அந்த ஆள்.

"ஒங்க மொதலாளி கொடுக்கும்போது எண்ணிப் பாத்தா வாங்கினேன்? தேடு."

அவன் தேடி முடிப்பதற்குள் தளம் முடிந்துவிட்டது.

அந்தத் தளம்தான் இப்போது டீ ஓடிய மாடி. மேலகரத்தில், தென்காசியில் இருந்து குற்றாலம் போகும் சாலையை ஒட்டிய தெருவில், காந்திமதிநாதன் கட்டிய வீடு. அடித்தளம் முதல் கைப்பிடிச்சுவர் வரை பேராச்சி தனியாக எடுத்துக் கட்டிய முதல் முழு வீடு.

காந்திமதிநாதன் ஓர் ஆலையின் சம்பளப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பணிக்காலம் முழுவதும் அவர் செய்தது பிடித்தம். கடனுக்குப் பிடித்தம், சேமநிதிக்குப் பிடித்தம், பண்டிகை முன்பணத்துக்குப் பிடித்தம். ஓய்வு பெற்றபின் பிடிப்பதற்கு யாருடைய சம்பளமும் இல்லாமல் கை சும்மா இருந்தது. வெளியில் பிடிக்கத் தொடங்கினார். முடிவெட்டுகிறவரிடம் கொஞ்சம் பிடித்துவைப்பார். வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்து, இரண்டு கிருதாவும் சமமாக இருப்பதைக் கண்ணாடியில் பார்த்தபின் நடந்தே போய்க் கொடுத்துவிட்டு வருவார். மாம்பழக்காரரிடம் ஒரு பழத்தின் விலையைப் பிடித்துவைத்து, கடைசிப் பழமும் இனித்த பிறகு கொடுத்தார். யாருடைய காசையும் அவர் தின்றதில்லை. சொன்ன நிபந்தனை நிறைவேறினால் அந்த நிமிடமே கொடுத்துவிடுவார். நிறைவேறாவிட்டால் அழுதாலும் கொடுக்க மாட்டார்.

வீட்டு வேலை பேச வந்த மற்ற ஒப்பந்ததாரர்கள் எல்லோரும் இந்தப் பிடித்தப் பேச்சைக் கேட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பேராச்சி ஒருவர்தான் உட்கார்ந்திருந்தார்.

"நூத்துக்கு அஞ்சு பிடித்தம், பேராச்சி," என்றார் காந்திமதிநாதன்.

"மிச்சம் தொண்ணூத்தஞ்சும் பிடிக்கலியா அண்ணாச்சி?"

"அந்தப் பிடித்தம் இல்லம்மா. பிடிச்சி வைக்கிற பிடித்தம். வேல முடிஞ்சாலும் கொடுக்காம வச்சிருப்பேன். ஒழுகலன்னு தெரிஞ்சபெறகு கொடுப்பேன்."

"எப்பத் தெரியும்?"

"சாரல் வந்தாத் தெரிஞ்சிட்டுப் போகுது."

பேராச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேலகரத்தில் சாரலுக்குக் காத்திருப்பது காலையில் விடிவதற்குக் காத்திருப்பது மாதிரி. ஆனி பிறந்தால் மலையில் மேகம் இறங்கும், செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று வரும், துணி காயாது. "சரி எழுதுங்க," என்றார். காந்திமதிநாதன் பத்திரத்தாளில் தன் கையாலேயே எழுதினார். மொத்தத் தொகையில் நூற்றுக்கு ஐந்து பிடித்தம் செய்யப்பட்டு, மேல்தளத்தில் கசிவு இல்லாதபட்சத்தில், சாரல் முடிந்ததும் தரப்படும்.

வைகாசியில் வீடு முடிந்து பால் காய்ச்சினார்கள். சிமெண்டுக்கும் கம்பிக்கும் கூலிக்கும் கொடுத்தது போக, பேராச்சிக்கு லாபம் என்று நின்றது அந்தப் பிடித்தம் மட்டும்தான். அந்தப் பணத்துக்கு அவர் மனதில் ஏற்கெனவே வழி சொல்லி வைத்திருந்தார். கடையத்தில் சண்முகநாதன் என்பவர் கட்டட வேலையை விட்டுவிட்டுத் தேங்காய் வியாபாரத்துக்குப் போகிறார். அவருடைய கலவை மிஷின் விலைக்கு வந்திருந்தது. பேராச்சி அதைச் சுற்றிவந்து பார்த்து, டிரம்முக்குள் தலையை விட்டு "ஏலே" என்று கூப்பிட்டும் பார்த்தார். அது ஆண்பிள்ளை மாதிரி கணீர் என்று பதில் சொன்னது.

"ஆடி முடிய ஒனக்காக வச்சிருக்கேன் பேராச்சி," என்றார் சண்முகநாதன். "ஆவணி பொறந்துட்டா வீடு கட்டுறவன் எல்லாம் கெளம்பிருவான். செங்கோட்டக்காரரு ஒருத்தரு ரெண்டு தடவ வந்து பாத்துட்டுப் போயிட்டாரு."

"ஆனியிலயே வந்துருவேன்," என்றார் பேராச்சி.

அந்த வருஷம் ஆனியில் சாரல் வரவில்லை.

மலை மொட்டையாக நின்றது. குற்றாலத்துக்கு வந்தவர்கள் பாறையைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் கை மறந்துவிடக் கூடாது என்று ஒருவருக்கொருவர் தேய்த்துவிட்டுக்கொண்டார்கள். மேலகரத்தில் துணி காய்ந்தது. அரைமணி நேரத்தில் காய்ந்தது. பேராச்சி அதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தார்.

புது வீட்டுக்குள் இன்னொருவரும் எரிந்துகொண்டிருந்தார். அவர் காந்திமதிநாதனின் மனைவி உமாதேவி. பிடித்தம் தீரும்வரை சுவர்கள் ஒப்பந்ததாரர் பொறுப்பில் இருக்கின்றன என்பது காந்திமதிநாதனின் வாதம். நாம் ஓர் ஆணி அடித்து, அந்த இடத்தில் கீறல் விட்டால், குற்றம் யாருடையது? ஆகவே வீட்டில் ஆணி அடிக்கத் தடை. கடிகாரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. காலண்டர் சோபாவில் படுத்திருந்தது. கண்ணாடி தரையில் சாய்ந்திருந்ததால் காந்திமதிநாதன் குத்தவைத்து உட்கார்ந்து சவரம் செய்தார்.

"சாமி படம் அடுப்படி மேடையில மிக்சிக்குப் பக்கத்துல இருக்கு," என்று உமாதேவி பேராச்சியிடம் போனில் சொன்னார். "சட்னி அரைக்கும்போதெல்லாம் முருகன் நடுங்குதாரு. சீக்கிரம் ஒரு சாரலக் கொண்டாம்மா."

ஆடி பிறந்து சில நாட்கள் கழித்து, ஒரு பிற்பகலில் நாலைந்து துளி விழுந்தது. பேராச்சி கையில் இருந்த கொத்துக் கரண்டியோடு ஸ்கூட்டரில் ஏறி மேலகரத்துக்குப் பறந்தார். காந்திமதிநாதன் வாசலில் நின்று உள்ளங்கையை நீட்டி வைத்திருந்தார்.

"சாரல் வந்துட்டு அண்ணாச்சி!"

"இது சாரல் இல்ல. தூத்தல்."

"என்ன வித்தியாசம்?"

"தூத்தல் நேரா விழும். சாரல் சாஞ்சு விழும். கையப் பாரு, உள்ளங்கையில விழுது. சாரலா இருந்தா மொழங்கையில விழணும்."

பேராச்சி அவருடைய கையைப் பிடித்துச் சாய்த்தார். "இப்ப மொழங்கையில விழுது பாருங்க."

"கையச் சாய்க்கக் கூடாது பேராச்சி. மழதான் சாயணும்."

"வெயில் அடிச்சிக்கிட்டே தூறுதுல்லா? அது சாரல்தான?"

"வெயில் சரி. காத்து எங்க? அப்பறம், சாரல்னா ஒடம்பு சிலுக்கணும். எனக்குச் சிலுக்கல."

சன்னலில் இருந்து உமாதேவி சொன்னார். "ஒங்களுக்குக் கல்யாணத்தன்னிக்கே சிலுக்கல. அதுக்கு அவ என்ன செய்வா?"

அதற்குள் தூத்தலும் நின்றுவிட்டது.

இன்னொரு நாள் குற்றாலத்தில் உண்மையாகவே சாரல் அடித்தது. சாய்ந்து அடித்தது, காற்றோடு அடித்தது. பேராச்சி அங்கேயே நின்று போனில் படம் பிடித்தார். சந்தேகம் வரக் கூடாது என்று தன் முழங்கையையும் சேர்த்துப் பிடித்தார். ஆனால் அந்தச் சாரல் மேலகரம் வரை வரவில்லை. பாதி வழியில் ஒரு புரோட்டாக் கடை வரை வந்து, கடைக்கு வெளியே கிடந்த பெஞ்சை நனைத்துவிட்டுத் திரும்பிவிட்டது. காந்திமதிநாதன் படத்தை முழுவதும் பொறுமையாகப் பார்த்தார்.

"நல்ல சாரல். குத்தாலத்துல யாருக்காவது வீடு கட்டிக் கொடுத்திருந்தா அவங்ககிட்டப் போயி வாங்கிக்கோ."

அன்று வீட்டுக்கு வந்த பேராச்சி பிச்சுமணியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். ஆடி முக்கால்வாசி போய்விட்டது. செங்கோட்டைக்காரர் மூன்றாவது முறை வந்து மிஷினின் டயரைக் காலால் உதைத்துப் பார்த்திருக்கிறார். டயரை உதைக்கிறவர் வாங்கத்தான் போகிறார். மிஷின் போய்விட்டால் ஆவணியில் பேசி வைத்திருக்கும் இரண்டு வீட்டு வேலைக்கும் மறுபடியும் குமரகுரு வாசலில் நிற்க வேண்டும். இந்த முறை அவர் கைப்பிடியைச் சங்கிலி போட்டுப் பூட்டித்தான் அனுப்புவார்.

பிச்சுமணி எல்லாம் கேட்டுவிட்டு அன்றைய தன் பேச்சைப் பேசினார். "வரலன்னா வரவச்சிருவோம்."

"மழையையா?"

"இத்ரீஸ்கிட்ட பேன் இருக்கு."

இத்ரீஸ் கடையநல்லூர்க்காரர். தென்காசியில் பந்தல் கடை வைத்திருந்தார். பந்தல், நாற்காலி, சீரியல் விளக்கு, அண்டா, இவற்றோடு கல்யாண வீடுகளில் விருந்தாளிகள் மேல் பனி மாதிரித் தண்ணீரைத் தூவும் இரண்டு பெரிய மின்விசிறிகளும் அவரிடம் உண்டு. அவற்றை ஏற்றி இறக்கும் சவாரி பிச்சுமணிக்கு. மறுநாள் காலையில் பேராச்சி கடையில் போய் நின்றார்.

"யாருக்குக்கா கல்யாணம்?" என்றார் இத்ரீஸ்.

"ஒரு மாடிக்கு."

விஷயத்தைச் சொன்னதும் இத்ரீஸ் நாற்காலி அடுக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பேனத் தாரேன்க்கா. ஆனா டேங்க்ல நேத்து ஒரு நிக்காவுக்கு ஊத்தின பன்னீர் மிச்சம் கெடக்கு. கழுவ நேரம் இல்ல. மணக்கும்."

"மணந்தா மணக்கட்டும். மாடிக்குத் தும்மலா வரப்போகுது?"

பேராச்சி முதலில் காந்திமதிநாதனிடம் அனுமதி கேட்டார். காந்திமதிநாதன் யோசித்தார். சோதனை என்ற சொல் அவருக்குப் பிடித்த சொல். "செய்யி. ஆனா மேக்குப் பக்கம் இருந்து அடிக்கணும். சாச்சு அடிக்கணும். ஒரு பகல் முழுக்க அடிக்கணும்."

லோடு ஆட்டோ வந்தது. இரண்டு விசிறிகளையும் ஒரு நீளமான பிளக்ஸ் துணியால் போர்த்தி, கயிறு கட்டி மாடிக்கு ஏற்றினார்கள். பேராச்சி அவற்றை மேற்குக் கைப்பிடிச்சுவரை ஒட்டி நிறுத்தினார். குழாயில் இருந்து ஒரு ஹோஸைக் கொண்டுவந்து டேங்கில் விட்டார். இத்ரீஸ் சுவிட்சைப் போட்டார். மேலகரத்தில் சாரல் அடிக்கத் தொடங்கியது.

அது அருமையான சாரல். சாய்ந்து வந்தது. வெயிலில் மின்னியது. கைப்பிடிச்சுவரைத் தாண்டித் தெருவிலும் கொஞ்சம் விழுந்தது. தெரு முழுவதும் பன்னீர் மணத்தது. சைக்கிளில் போன ஒருவர் இறங்கி, சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, "பந்தி எங்கன?" என்று கேட்டார். எதிர்வீட்டம்மா தலையில் பூ வைத்துக்கொண்டு வந்து நின்றார். யாரும் அழைக்கவில்லை என்று தெரிந்தபின்பும் போகவில்லை.

வீட்டுக்குள் காந்திமதிநாதன் தன் பங்குக்கு ஏற்பாடுகளைச் செய்திருந்தார். கூடத்துத் தரை முழுவதும் செய்தித்தாளை விரித்திருந்தார். ஒரு துளி விழுந்தாலும் தாளில் தெரிந்துவிடும். தாள் பறக்கக் கூடாது என்பதற்காக மின்விசிறிகளை நிறுத்தியிருந்தார். சன்னல்களைச் சாத்தியிருந்தார். கையில் டார்ச்சோடு மேலே பார்ப்பதும் குனிந்து கீழே பார்ப்பதுமாக ஒவ்வொரு தாளாக நகர்ந்துகொண்டிருந்தார். உமாதேவி அடுப்படி வாசலில் நின்று சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தார்.

பகல் முழுவதும் அடித்தது. பேராச்சி மேலே தண்ணீரின் போக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் தெற்கு மூலைக்கு ஒழுங்காகப் போயிற்று. எங்கும் தேங்கவில்லை. நாலு மணிவாக்கில் விசிறியை நிறுத்தச் சொல்லலாம் என்று அவர் கையைத் தூக்கியபோது கீழே இருந்து ஒரு குரல் வந்தது.

"பேராச்சி! துளி!"

பேராச்சி படிகளில் எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. கூடத்தின் நடுவில் காந்திமதிநாதன் குனிந்த நிலையில் உறைந்து நின்றார். அவருக்குக் கீழே ஒரு செய்தித்தாளில், நகை விளம்பரத்தில் இருந்த பெண்ணின் கன்னத்தில், பட்டாணி அளவு ஈரம்.

பேராச்சி குனிந்து அதை உற்றுப் பார்த்தார். அந்தத் துளிக்குள் கலவை மிஷின் செங்கோட்டைப் பக்கம் உருண்டு போவது தெரிந்தது. நாற்காலி மேல் ஏறினார். நேர் மேலே உட்கூரையை உள்ளங்கையால் தடவினார். காய்ந்திருந்தது. சுற்றித் தடவினார். அங்கும் காய்ந்திருந்தது. "ஏட்டி, என்னிய ஏமாத்திப்போட்டியே," என்று கூரையைப் பார்த்துச் சொன்னார். கூரை பெண் என்பது அன்றுதான் முடிவாயிற்று.

பின்னாலேயே வந்த இத்ரீஸ் தாளைத் தூக்கி முகர்ந்தார். "அக்கா, இது எங்க தண்ணி இல்ல. எங்க தண்ணி மணக்கும். இதுல ஒரு மணமும் இல்லியே."

"அப்ப எந்தத் தண்ணி?" என்றார் காந்திமதிநாதன், குனிந்தபடியே.

இதற்குள் நகை விளம்பரப் பெண்ணின் நெற்றியிலும் ஒரு துளி விழுந்தது. எல்லோரும் அதை நேராகப் பார்த்தார்கள். உமாதேவிதான் முதலில் வாய் திறந்தார்.

"ஏங்க, அது ஒங்க மூக்குல இருந்து விழுது."

காந்திமதிநாதன் நிமிர்ந்தார். மூக்கு நுனியைத் தொட்டுப் பார்த்தார். மின்விசிறி இல்லாமல், சன்னல் திறக்காமல், காலையில் இருந்து குனிந்து நிமிர்ந்ததில் அவர் தலையில் இருந்து கால்வரை வேர்வை ஊற்றிக்கொண்டிருந்தது. இருந்தாலும் சந்தேகத்துக்கு இடம் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. சற்றுத் தள்ளி ஒரு புதுத் தாள் மேல் போய்க் குனிந்து நின்றார். அங்கும் விழுந்தது.

"கசிவு என்னுதுதான்," என்றார்.

பேராச்சி நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். அது கடிகாரம் உட்காரும் நாற்காலி. கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு, "அப்பக் காசக் குடுங்க அண்ணாச்சி," என்றார்.

காந்திமதிநாதன் துண்டால் முகத்தைத் துடைத்தார். அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "கசிவு இல்லன்னு ஒத்துக்கிடுதேன். ஆனா சாரல் முடிஞ்சதும்னு எழுதியிருக்கே. இது பேன். பேன் நிக்குறதுக்குப் பேரு சாரல் முடியுறதா? எழுதினது எழுதினதுதானம்மா. நான் ஒரு காலணா நிபந்தனை மாறிக் கொடுத்தவன் இல்ல."

"எழுதினத நீங்களே அடிச்சுட்டு மாத்தி எழுதுங்க."

"அடிச்சுத் திருத்தின காகிதத்துல நான் கையெழுத்துப் போட்டதே கெடையாது."

"அண்ணாச்சி, ஆடி போயிட்டு இருக்கு. எம் மிஷின் போயிட்டு இருக்கு. வராத சாரல நான் எங்க போயிப் புடிக்க?"

இத்ரீஸுக்கு இதற்கு மேல் நிற்க நேரம் இல்லை. "நீங்க பேசிக்கிட்டு இருங்க. நான் பேன எறக்குதேன். குத்தாலத்துல இருந்து நம்ம கம்பு, தகரம் எல்லாம் இன்னும் வரல. சாரல் முடிஞ்சிட்டுல்லா, எடத்தக் காலி பண்ணுன்னு ஒரே போனு."

காந்திமதிநாதன் சட்டென்று திரும்பினார். "என்ன முடிஞ்சிட்டு?"

"சாரல்."

"வராதது எப்படித் தம்பி முடியும்?"

"வராமலே முடிஞ்சிட்டு அண்ணாச்சி. நேத்துச் சாயங்காலம் கடைசி நிகழ்ச்சி. நான்தான பந்தல் போட்டேன்." இத்ரீஸ் வெளியே போய், விசிறியைப் போர்த்திவந்த பிளக்ஸ் துணியைக் கொண்டுவந்து கூடத்தில் விரித்தார். செய்தித்தாள்கள் எல்லாம் அதற்கு அடியில் போயின. ஓர் அருவி, நிஜத்தில் அந்த வருஷம் யாரும் பார்க்காத அளவு தண்ணீரோடு, துணி முழுவதும் கொட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் பெரிய எழுத்தில் சாரல் விழா என்றும், ஓரத்தில் நிறைவு நாள் என்றும் இருந்தது; குற்றாலத்தில் வருஷாவருஷம் அரசாங்கம் நடத்தும் விழா அது. நிறைவு நாள் நேற்று.

"விழா வேற, சாரல் வேற," என்றார் காந்திமதிநாதன். ஆனால் குரலில் பிடி தளர்ந்திருந்தது.

"எங்க ஆளுக யாரும் அப்படிச் சொல்லுறது இல்ல," என்றார் இத்ரீஸ். "சாரலுக்குப் பந்தல் போடப் போறேன், சாரல் முடிஞ்சி பிரிக்கப் போறேன். அவ்வளவுதான். மாப்பிள வரலன்னா நான் பந்தல் வாடகைய விட்டுருவேனா?"

உமாதேவி அடுப்படி வாசலில் இருந்து கூடத்துக்கு நடந்து வந்தார். "ஏங்க, போன ஞாயித்துக்கெழம என்னிய எங்க கூட்டிட்டுப் போனிய?"

"குத்தாலத்துக்கு."

"என்னத்துக்கு?"

காந்திமதிநாதன் துண்டால் மறுபடியும் முகத்தைத் துடைத்தார்.

"நான் சொல்லுதேன். சாரலுக்குப் போவோம் கெளம்புன்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனிய. நாய்க் கண்காட்சி பாத்திய. கொழுகொழு கொழந்தப் போட்டியில எந்தக் கொழந்தைக்குக் கொடுக்கணும்னு பக்கத்துல இருந்தவரோட சண்ட போட்டிய. சாரல் வரவே இல்லன்னா, நீங்க எதுக்குப் போயிட்டு வந்திய?"

காந்திமதிநாதன் பத்திரத்தாளை எடுத்துவந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தன் கையெழுத்தையே படித்தார். சாரல் முடிந்ததும் தரப்படும். பெய்ததும் என்று இல்லை, பெய்து முடிந்ததும் என்றும் இல்லை. முடிந்ததும் என்று மட்டும்தான் இருந்தது. வேறு யாராவது எழுதியிருந்தால் அவர் அதில் ஓட்டை கண்டுபிடித்திருப்பார். சொந்தக் கையெழுத்தில் ஓட்டை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"இத்ரீஸ், நேத்து எத்தன மணிக்கு முடிஞ்சுது?"

"ஏழரை இருக்கும்."

காந்திமதிநாதனின் முகம் வெளிறியது. "அப்ப நேத்து ஏழரைக்கே கொடுத்திருக்கணும். பேராச்சி, ஒரு நாள் தாமதமாயிட்டும்மா. என் வாழ்க்கையில இப்படி நடந்ததில்ல. தப்பா எடுத்துக்கிடாத."

பேராச்சி கடிகாரத்தை இறக்கி வைத்துவிட்டு எழுந்தார். "பரவால்ல அண்ணாச்சி. தூத்தல் மாதிரி இதையும் கணக்குல சேக்கல."

காந்திமதிநாதன் உள்ளே போய் உறையைக் கொண்டுவந்தார். அது வைகாசியில் இருந்தே ஒட்டித் தயாராக இருந்தது. பேராச்சி எண்ணவில்லை. இவரிடம் எண்ண வேண்டியதில்லை என்பது ஊருக்கே தெரியும். போனை எடுத்துக் கடையத்துக்குப் பேசினார். "அண்ணாச்சி, டயர இனி யாரையும் ஒதைக்க விடாதிய. நாளைக்கு வாரேன்."

அதற்குப் பிறகும் அவர் போகவில்லை. விளக்குமாறை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். பிச்சுமணியும் இத்ரீஸும் விசிறிகளைக் கயிற்றில் கட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். பேராச்சி பன்னீர்த் தண்ணீரை மேற்கில் இருந்து கூட்டித் தெற்கு மூலைக்குத் தள்ளினார். ஓடு ஓடாகக் குனிந்து பார்த்தார். ஓரிடத்தில் விசிறியின் கால் பட்டு இரண்டு ஓடுகளுக்கு நடுவே சிமெண்டு பெயர்ந்திருந்தது. கொஞ்சம் சிமெண்டைக் குழைத்துப் பெருவிரலால் அழுத்தி, துணியால் துடைத்தார். தன் சட்டியையும் கரண்டியையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டார். மாடிக் கதவைச் சாத்திப் பூட்டினார்.

கீழே காந்திமதிநாதன் சட்டை மாற்றிக்கொண்டு நின்றார். வீட்டை ஒப்புக்கொள்ளும்போது வேர்த்த சட்டையோடு நிற்கக் கூடாது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"இன்னும் ரெண்டு நாளைக்கு மேற்கு ஓரம் நாலாவது வரிசைய மிதிக்காதிய. இப்பத்தான் பூசியிருக்கேன்," என்றார் பேராச்சி. "அப்பறம், மூணு சுவரும் சொன்ன பேச்சுக் கேக்கும். தெக்குச் சுவரு மட்டும் கொஞ்சம் திமிரு. ஆணி அடிச்சா மெதுவா அடிங்க."

ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மாடிச் சாவியை நீட்டினார். காந்திமதிநாதன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.